பிரியாணித் தேக்சாவில் சிங்கப்பூர் மீன்

காலையில் தொட்டியை மூடியிருந்த கம்பளியை எடுத்ததும் ரஃபியுதீனுக்குச் சப்த நாடியும் அடங்கிவிட்டது. மீன்களின் நிறத்தைக் காணோம். நேற்றுவரை நீலக்கோடும் சிவப்பு வாலுமாகப் பாசிச் செடிகளுக்குள் கும்பலாகத் திரிந்த பொடி மீன்கள், வெளுத்துப்போய் அசையாமல் நின்றன.

அவனுடைய மீன்களாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். அவை மாமனாருடையவை. சிதம்பரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் குலாம் முகம்மது, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாகவும் சுண்ணாம்பு பட்டால் மீனுக்கு ஆகாதென்றும் சொல்லி, தொட்டியோடு முதுநகருக்கு வண்டியேற்றி அனுப்பியிருந்தார். நியான் டெட்ரா என்று பெயராம். மாமியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. மீனுக்குக் குளிருமென்று மாமி ரஹ்மத் பீவி கூடத்து ஃபேனைக்கூடப் போடவிடமாட்டார். கத்திரி வெயிலிலும் மாமனார் கையும் பனையோலை விசிறியுமாகத்தான் இருப்பார்.

ரஃபியுதீனை நம்பி அதுவரை யாரும் எதையும் கொடுத்ததில்லை. கைராசி அப்படி. கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் அவன் சாவி கொடுத்ததோடு நின்றது. ஒடித்து நட்டாலே துளிர்க்கிற முருங்கை, அவன் நட்டால் பட்டுப்போகும். அப்படிப்பட்டவனிடம் மாமனார் மீனைக் கொடுக்கிறார் என்றால் அது பரீட்சைதான் என்று அவன் முடிவுகட்டினான். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். மீன் பிழைத்தால் கடை. இல்லையென்றால் ஆயுசுக்கும் முதுநகர் இரும்புக்கடையில் ஆணி நிறுக்க வேண்டியதுதான்.

குளிர்தான் காரணமென்று ஒரு செம்பு வெந்நீரைத் தொட்டியில் ஊற்றினான். இருட்டில் நிறம் மங்குவதும் வெளிச்சம் பட்டால் திரும்புவதும் அந்த மீனின் சுபாவம் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஜன்னல் வெளிச்சத்தில் மீன்கள் தம்பாட்டுக்கு நிறம் ஏறி நீந்தத் தொடங்கின. பாசிதான் கீரை மாதிரி வெந்துபோனது.

மறுநாள் வெந்த பாசி அழுகித் தண்ணீர் நாறியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ரஃபியுதீன் பதறிப்போய் ஊர்க்குளத்தில் இறங்கி, கூடை நிறையப் புதுப்பாசி பிடுங்கிவந்து நட்டான், தண்ணீரையும் மாற்றினான். பாசியோடு ஒரு விரால் குஞ்சும் வந்து சேர்ந்தது. சாயங்காலம் பார்த்தால் டெட்ராக்கள் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எதிரே விரால், பசியோடு.

டீ வடிகட்டியால் துரத்தினான். அகப்படவில்லை. ஆத்திரத்தில் அகப்பையை வீசினான். விரால் தப்பியது, கண்ணாடி தப்பவில்லை. தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. விராலைப் பூனை கொண்டுபோயிற்று. மீதியிருந்த தண்ணீரோடு டெட்ராக்களை அள்ளி, கைக்கு எட்டிய பிரியாணித் தேக்சாவில் விட்டான்.

மனைவி ஜெய்னப் வந்து பார்த்தாள். "ஏங்க, நாளைக்கு ஃபாத்திஹா ஓதிச் சோறு குடுக்கணும். நான் எதுல ஆக்குறது?"

"கடை கைக்கு வரட்டும், இதவிடப் பெரிய தேக்சாவா வாங்கித் தர்றேன்."

இனி ஒருநாள்கூட வைத்திருந்தால் ஆபத்து, உயிரோடு ஒப்படைத்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று, விடிந்ததும் தேக்சாவை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயிலேறினான். பெட்டியில் இருந்தவர்கள் எங்கே விசேஷம் என்று விசாரித்து, நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். காற்றுக்காக அவன் மூடியைத் திறந்தபோதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்கள்.

மாமனார் வீட்டில் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. கூடத்து ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, கீழே பாய் விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து வந்து மூடியைத் திறந்தார். இருட்டில் வந்த மீன்கள் வெளிறி, அடியில் அசையாமல் கிடந்தன. ரஃபியுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமனார் அவன் தோளில் கைபோட்டார். அவ்வளவு அன்பாக அவர் பேசி அவன் கேட்டதில்லை.

"போனா போவுது, உடுங்க மாப்ள. அல்லா நாட்டம். நீங்க நாளைக்கே வந்து கடையில ஒக்காந்துக்குங்க."

அந்த நேரம் பார்த்து முற்றத்து வெயில் தேக்சாவில் விழுந்தது. ஒரு மீன் வாலை ஆட்டியது. கொஞ்ச நேரத்தில் நீலம் தெரிந்தது, பிறகு சிவப்பு. எல்லாம் ஒரே கும்பலாகத் தேக்சாவைச் சுற்றிவர ஆரம்பித்தன.

"அல்லா காப்பாத்திட்டான்" என்றபடி மாமி ஓடிவந்தார். வந்த வேகத்தில் ஃபேனை நிறுத்தினார். மாமனார் அவன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த விசிறியைத் தேடி எடுத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் மாமா?"

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ரஃபியுதீன் திரும்பவும் கேட்டான். விசிறி மட்டும் வேகமாக அசைந்தது.

கணக்கு காட்ட வந்திருந்த கடைக் கணக்குப்பிள்ளை பொன்னுரங்கம்தான் அவனை வாசல்வரை அழைத்துவந்தார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்க கையில எதுவும் பொழைக்காதுன்னு மொதலாளி மலைபோல நம்பி அனுப்புனாரே தம்பி, இப்புடி மோசம் பண்ணிட்டீங்களே."