ஏர் பிராப்ளம்

"மெஷினுக்கு யாரு எஸ் போட்டது?" என்றார் ரூபேந்திரன்.

அச்சறையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்துத்தான் கேட்டார். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: MESIN AIR PROBLEM.

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தாள் மலர்.

"ஸ்பெல்லிங் தெரியாத கூட்டம்! ஆனா மேட்டர் சீரியஸ். மெஷின்ல ஏர் பிராப்ளம். அப்படின்னா என்ன? மைக்குள்ள காத்து பூந்திருச்சு!"

மலர் அந்த அச்சு மெஷினை நான்கு வருடமாக ஓட்டுகிறாள். ரூபேந்திரன் அந்த மெஷினைப் பார்த்தே ஐந்தே முக்கால் மாதம்தான் ஆகிறது. ஆகவே அவர் மேனேஜர்.

மலேசியாவின் ஜொகூரில், கூலாய்க்கும் செனாய்க்கும் நடுவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மெல்லிய பேட்டரிகளுக்கு மின்முனைகளை அச்சடித்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரிதான். காகிதத்துக்குப் பதில் அலுமினியத் தாள், சாதா மைக்குப் பதில் கரி மை. அந்த மையில் காற்றுக் குமிழி இருந்தால் தாளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். இது ரூபேந்திரனுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று மலர் சொல்லுவாள்.

மூன்று மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து, தாள் வாங்கப்போகும் கம்பெனியின் ஷர்மினி என்ற அம்மாள் வருகிறார். ஐம்பது தாள் பார்ப்பார். அவர் தலையாட்டினால் முதலாளி ஹேமநாதன் இன்றைக்கே ரூபேந்திரனின் வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுப்பார். தலையாட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை ஆறு மாதம் முடிகிறது, கூடவே வேலையும் முடிகிறது. ரூபேந்திரனோ தன் வேலை நிரந்தரமாகிவிட்டதாக மாமனார் வீட்டில் தீபாவளிக்கே சொல்லிவிட்டார்.

"நேத்து அடிச்ச அம்பது ஷீட்டு எங்க?"

"ட்ரேயில இருக்கு சார். எல்லாம் ஓகே. சார், அந்தச் சீட்டு வந்து..."

"நோ எக்ஸ்கியூஸ். பின்ல போடு."

"சார், ஒரு ஓட்டகூட இல்ல லா!"

"கண்ணுக்குத் தெரியாத ஓட்ட இருக்கும். சிங்கப்பூர்ல நான் பாத்திருக்கேன்."

கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்த்தார் என்று மலர் கேட்கவில்லை. அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்து பார்த்தாயிற்று. மூன்றாவது முறை அவள் திறப்பதாக இல்லை. ஐம்பது தாளையும் கசங்காமல் குப்பைப் பெட்டியில் அடுக்கினாள்.

சிங்கப்பூரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ரூபேந்திரன் பிறந்தது சாஆ பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில். பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சையில் மலாய்க்கு ஏ வாங்கியவர். பிறகு மூன்று வருடம் தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். போனதில் சம்பாதித்தது எவ்வளவோ தெரியாது, தொலைத்தது மலாய் மொழியை. இப்போது தேநீர்க் கடைக்காரர் மலாயில் பேசினால் இவர் இங்கிலீஷில் பதில் சொல்லுவார். "எனக்கு மலாய் அவ்வளவா வராது" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். மூன்றே வருடத்தில் தாய்ப்பாலையும் மறந்துவிடக்கூடிய ஜாதி.

முதலில் மையிலிருந்து காற்றை உறிஞ்ச வேண்டும் என்றார். அதற்கென்று ஒரு பானை மெஷின் உண்டு. பத்து நிமிடம் வைத்தால் போதும்.

"ரெண்டு மணி நேரம் வை," என்றார்.

வைத்தாள். மை களியாகி வெளியே வந்தது. அச்சடிக்கும் ஸ்க்ரீன் வலையில் ஊற்றினால் இறங்க மாட்டேன் என்று அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"தண்ணிய ஊத்து!"

"எவ்வளவு சார்?"

"ஊத்து, சொல்றேன்."

அவர் போதும் என்று சொல்லுவதற்குள் களி ரசமாகிவிட்டது. அச்சடித்த தாளில் கட்டம் கட்டமாக இருக்க வேண்டிய கறுப்பு நாலாபக்கமும் ஓடியது.

ரூபேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேல் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஞானம் உதித்தது.

"அங்க பாரு! காத்து அங்கேர்ந்துதான் வருது. ஆஃப் பண்ணு. ஈரத்த இழுக்குற மெஷினையும் ஆஃப் பண்ணு. அதுவும் காத்துதான் ஊதுது. கதவு இடுக்குல டேப்பு ஒட்டு."

"ஜொகூர் வெக்கைக்கு இதெல்லாம் நிப்பாட்டுனா ஷீட்டு ஈரமாயிரும் சார்."

"நீ எஞ்சினியரா, நான் எஞ்சினியரா?"

அரை மணி நேரத்தில் அறை இட்லிப் பானையானது. ரூபேந்திரனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாக்கு வறண்டு, குவளையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவுக்குப் பக்கத்தில்தான் குடிதண்ணீர் மெஷின் நின்றது. அமுக்கினார். ஒரு சொட்டு வரவில்லை.

"இந்தக் கம்பெனியில எதுதான் ஒழுங்கா வேல செய்யுது!" என்று அதற்கு ஓர் உதை கொடுத்துவிட்டுத் தாகத்தோடே திரும்பினார்.

உள்ளே தாள்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. விரல் பட்ட இடத்தில் மை கையோடு வந்தது.

"மை காய வைக்கிற அடுப்ப ஏத்து," என்றார். குரல் கம்மியிருந்தது. "ஃபுல்லா ஏத்து."

ஏற்றினாள். அடுப்பிலிருந்து வந்த தாள்களில் மை கோடை வயலாகப் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

ரூபேந்திரன் அதை உற்றுப் பார்த்தார். "பாத்தியா? வெடிப்பு வழியா காத்தெல்லாம் வெளிய போயிருச்சு!"

மலர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நான்கு வருடத்தில் இந்த அறைக்கு இவரோடு மூன்று மேனேஜர்கள் வந்திருக்கிறார்கள். முந்தைய இரண்டு பேரையும் திட்டியது தப்போ என்று முதல் முறையாக அவளுக்குத் தோன்றியது.

மூன்று மணிக்கு ஷர்மினி வந்தார். கூடவே ஹேமநாதன், கையில் கோப்பு. கோப்பின் ஓரத்தில் கடிதத்தின் நுனி வெளியே தெரிந்தது. ரூபேந்திரன் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷர்மினி புதுத் தாள் ஒன்றை எடுத்தார். எடுத்த வேகத்தில் பாதிக் கரி அவர் வெள்ளைக் கையுறையில் உதிர்ந்தது.

"என்ன இது, அப்பளமா?"

ஹேமநாதன் கடிதத்தின் நுனியைக் கோப்புக்குள் தள்ளினார்.

ஷர்மினி கையை உதறத் திரும்பினார். குப்பைப் பெட்டி கண்ணில் பட்டது. குனிந்து மேல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், வளைத்தார், சுரண்டினார். ஒன்றும் உதிரவில்லை. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார்.

"இது ரொம்ப நல்லா வந்திருக்கே! யார் அடிச்சது?"

"என் டீம்தான் மேடம்," என்றார் ரூபேந்திரன், மலருக்கு முன்னால் வந்து நின்று.

ஹேமநாதன் முகம் மலர்ந்தது. கடிதம் முழுசாக வெளியே வந்தது. ரூபேந்திரன் இரண்டு கையையும் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் ஷர்மினி. "இவ்வளவு நல்ல ஷீட்ட ஏன் குப்பையில போட்டீங்க?"

கடிதம் அந்தரத்தில் நின்றது. ஆனால் ரூபேந்திரன் அசரவில்லை. ஆதாரம் உள்ளவர் ஏன் அசர வேண்டும்? விறுவிறுவென்று போய்க் கதவிலிருந்த சீட்டைப் பிய்த்து வந்தார்.

"ரிப்போர்ட் இருக்கு மேடம். எழுத்துல இருக்கு. ஏர் பிராப்ளம்! நான் உடனே ஆக்‌ஷன் எடுத்தேன். காலையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணிகூட குடிக்கல."

ஹேமநாதன் சீட்டை வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். ரூபேந்திரனைப் பார்த்தார். மலர் தரையைப் பார்த்தாள்.

அப்போது துப்புரவு வேலை செய்யும் அங்கம்மா, ஒரு கையில் வாளியும் மறு கையில் குளிர்ந்த நீர் நிறைந்த குவளையுமாக உள்ளே வந்து, குவளையை ரூபேந்திரனிடம் நீட்டினாள்.

"குடிங்க சார், மெஷினு இப்பதான் ரிப்பேர் ஆச்சு, அந்தச் சீட்ட குடுத்துருங்க. அந்த மெஷின் ஈரத்துல டேப்பு நிக்கலன்னு நான்தான் கதவுல ஒட்டுனேன், தண்ணி மெஷின மலாய்ல 'மெசின் ஆயர்'னு, ஏ-ஐ-ஆர் போட்டுதான சார் எழுதணும்?"