மாமாவுக்குச் சந்தனம், போனுக்குக் கீறல்

தடுக்கி விழுந்தவர்களைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் காலை வேளையில் யாராவது ஒருவர் ஓடிவந்து விழுவார். முட்டி பெயர்ந்து ரத்தம் வழியும். அதை அவர் பார்க்க மாட்டார். போனை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, மூலை மூலையாகத் தடவிப் பார்ப்பார். கீறல் இல்லையென்றால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னால்கூட அப்படி வராது. முட்டித் தோல் தானாக வளர்ந்துவிடும், போனின் தோல் வளராது என்று நினைக்கிறார்களோ என்னவோ. (அந்தக் கூட்டத்துக்கே தலைவியாக இருந்தவள் நான். அதனால் அவர்களைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு.)

என் நீல நிறப் போனை நான் வாங்கிய நாளிலிருந்து சொல்லவேண்டும். விளம்பரத்தில் ஒருவன் அதைப் பாறைமேல் தூக்கிப் போடுவான். அது சிரித்துக்கொண்டு எழுந்து நிற்காத குறைதான். கடையில் பில் போட்டு முடித்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கவர் போடாம எடுத்துக்கினு போவாதம்மா. சாவி பட்டாலே கோடு வுழும்.”

பாறைக்குப் பயப்படாத பொருள் சாவிக்கு ஏன் பயப்படுகிறது என்று கேட்கும் அறிவு அன்று எனக்கு இல்லை. அவர் காட்டியதையெல்லாம் வாங்கினேன். முன்பக்கம் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் கோடு விழாமல் இருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். பின்பக்கம் தடிமனான கறுப்பு ரப்பர் கவர். அதற்கும் மேலே மூடித் திறக்கிற மாதிரி ஒரு உறை. நீல நிறம் வேண்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய போனின் நீலத்தை அன்று மாலைக்குப் பிறகு நான் உட்பட யாரும் பார்க்கவில்லை.

என் வேலையும் இதற்கு ஒரு காரணம். சிப்காட் தொழிற்பேட்டையில், பைக்குக்குப் பெயின்ட் அடித்த பாகங்கள் செய்கிற கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். நாள் முழுக்கக் கீறலையே தேடும் கண், வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பாத்திரம், பீரோ, அண்ணனின் ஹெல்மெட், எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் என்று எல்லாவற்றிலும் எனக்குக் கீறல்தான் தெரியும். (எதிர்வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எங்களோடு பேசுவதில்லை.) போன்களைக் கத்தியால் கீறிக் காட்டும் வீடியோக்களை, மற்றவர்கள் சீரியல் பார்த்து அழுவதுபோல நான் பார்த்துக் கண்கலங்குவேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் போனை அப்படியே கொடுப்பார்கள். நான் ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் கொடுப்பேன்.

இந்த நிலையில்தான் என் அண்ணன் பிரபுவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பெண் ரேவதி, திருவள்ளூர் மணவாள நகர். அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்குப் பெரிய மனிதர் என்றால் அம்மாவின் தம்பி தேவராஜ் மாமாதான். அவர் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். நிச்சயத்துக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றுவதா என்று அம்மா கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தபோது, நான்தான் மார்தட்டினேன்.

“என் போன் எதுக்குக் கீது? மாமாவை வீடியோ கால்ல உக்கார வெக்கிறேன். பக்கத்துல உக்காந்த மாதிரியே தெரிவாரு.”

“என் போன்லயே போடலாமே,” என்றான் அண்ணன். அவன் போனின் திரை மூலைக்கு மூலை விரிசல் விட்டு, சிலந்தி கூடு கட்டியதுபோல இருக்கும். “உன் போன்ல மாமா மூஞ்சி பத்து துண்டா தெரியும், போடா,” என்றேன்.

மணவாள நகரில் பெண் வீட்டு மாடியில் பந்தல். பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாமாவுக்கென்று ஒரு நாற்காலி. அதில் தலையணை வைத்து, அதன்மேல் புதுத் துண்டை நான்காக மடித்து விரித்து, அதில் போனைச் சாய்த்து வைத்தேன். பெண் வீட்டார் நெகிழ்ந்து போனார்கள். “மாமனுக்கு இன்னா மரியாத பாரு!” என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். துண்டு மாமாவுக்கு அல்ல, பிளாஸ்டிக் நாற்காலியின் சொரசொரப்பு போனில் படக்கூடாது என்பதற்காக என்று நான் திருத்தவில்லை.

திரையில் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி. அவர் பின்னால் அறைத் தோழர்கள் எல்லாம் குளித்து, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தார்கள். ஒருவர் பாயசக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். அந்தக் குறுகலான அறையில் அவர்களும் ஒரு நிச்சயதார்த்தம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் திரையில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேவதியின் பெரியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். வரிசையாக ஒவ்வொருவருக்கும் சந்தனம் பூசி, குங்குமம் கொடுத்து, பன்னீர் தெளித்துக்கொண்டே வந்தவர் மாமாவின் நாற்காலி முன்னால் நின்றார்.

“மாமனும் சபையிலதானே கீறாரு? அவருக்கும் வெச்சுடலாம்,” என்றார்.

சபை கைதட்டியது. குவைத்தில் மாமா சட்டையைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, நெற்றியை முன்னால் நீட்டினார். அறைத் தோழர்கள் விசிலடித்தார்கள். அழகான காட்சி. அதை நான் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது பெரியம்மாவின் கையை. விரலில் கல் மோதிரம், மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையல், விரல் நுனியில் சரியாகக் குழையாத சந்தனம். அதில் நறநறவென்று பொடி தெரிந்தது. என் இன்ஸ்பெக்‌ஷன் கண் அத்தனையையும் எண்ணிவிட்டது.

“ஐயையோ, தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டே பாய்ந்து போனைப் பிடுங்கித் துண்டுக்குள் சுருட்டினேன்.

பெரியம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தை சாதாரண வார்த்தை இல்லை. எங்கள் தாத்தாமார்கள் கூலி வேலை பார்த்த களத்துமேட்டில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். அது காதில் விழக்கூடாது என்றுதான் அடுத்த தலைமுறை மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறியது. அந்த வார்த்தையை நான் எங்கள் சம்பந்தி வீட்டுப் பந்தலில், ஒரு கண்ணாடித் துண்டுக்காகக் கத்தியிருக்கிறேன்.

மாமாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சந்தனத்துக்கு நெற்றியை நீட்டிக்கொண்டிருந்த மனிதர், “தொடாதீங்க” என்ற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால் ஒரே இருட்டு. (துண்டுக்குள் இருந்தார்.) அதுவும் அறைத் தோழர்கள் அத்தனை பேர் முன்னால். நான் துண்டைப் பிரித்தபோது அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், வெட்டிவிட்டார்.

“இன்னாடி பண்ணித் தொலைச்ச?” என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

“கீறல் வுழும்மா...”

“கீறலா? இரு, உன் மூஞ்சில போடறேன் கீறலு!”

பெண்ணின் அப்பா ரொம்பத் தன்மையானவர். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “மாமன் மனசு குளிரட்டுங்க. அப்பாலிக்கா தட்டு மாத்திக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல,” என்றார். கல்யாண விஷயத்தில் பெண் வீட்டார் அவசரமில்லை என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல நேரம் வேறு முடியப் போகிறது. பெரியம்மா கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாலை போட்டுக்கொள்ளக் காத்திருந்த என் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பயம்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் அண்ணன் தன் உடைந்த போனில் கூப்பிட்டான். மாமா எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

“தொடாதன்ற வார்த்தைய நான் நம்ம ஊட்லயே கேக்கணுமாடா? நான் இன்னா தீண்டக்கூடாத ஆளா? இங்க பசங்க முன்னால என் மூஞ்ச எங்க வெச்சுக்குவேன்?” மாமாவின் குரல் உடைந்திருந்தது.

நான் போனை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மோதிரம், வளையல், சந்தனப் பொடி, கண்ணாடி, கவர். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. மாமா கேட்டார்.

“அப்போ போனுக்காகத்தான் என்னைத் துண்டுல சுருட்டுனியா மஞ்சு?”

“ஆமா மாமா.”

“சரி. அதே போன்லதான் நான் வருவேன். அதுக்கு மாட்டிக்கீற சட்ட துணியெல்லாம் கயட்டு. அந்தம்மா கையால எனக்குச் சந்தனம் வெக்கணும். அப்புறம் என்னை நாற்காலில வெக்காத. தட்டுல வையி, தேங்காப் பக்கத்துல.”

உள்ளே போய்ப் பெரியம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “போனு அவ்ளோ ஒசத்தியாம்மா உனக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார்.

சபை நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூடி உறை. பிளாஸ்டிக் தாள். கண்ணாடி. கடைசியாகப் பின்பக்க ரப்பர் கவரை நெம்பி எடுத்தேன். எடுத்ததும் என் மடியில் கொஞ்சம் மண் கொட்டியது.

போனின் பின்பக்கம் முழுக்கக் கீறல். மேலிருந்து கீழாக, குறுக்கும் நெடுக்குமாக, வட்டம் வட்டமாக. சிப்காட் காற்றில் பறக்கும் இரும்புத்தூளும் சாலை மண்ணும் கவருக்குள் புகுந்து, வெளியே போக வழியில்லாமல், நான் நடக்க நடக்க அந்த நீலத்தை அரைத்திருக்கிறது. பாதுகாப்புத் தாளுக்கு அடியில் தூசி மாட்டினால் கீறல் விழும், முதலில் துடை, பிறகு ஒட்டு என்று வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் வாய் ஓயாமல் பாடம் எடுக்கிறவள் நான். என் கம்பெனி டேபிளுக்கு அந்தப் போன் வந்திருந்தால் சாய்த்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, தூரத்திலிருந்தே சிவப்பு ஸ்டிக்கரை எறிந்திருப்பேன்.

முதலில் சிரித்தது கல்யாணப் பெண் ரேவதிதான். எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஓப்பனாவே வெச்சுக்கினு இருந்திருக்கலாமே,” என்றாள். அப்புறம் அண்ணன், அப்புறம் பந்தல் முழுக்க. பெண்ணின் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மாமாவைக் கூப்பிட்டேன். நெற்றியை நீட்டினார். பெரியம்மா சந்தனத்தை அழுத்தி வைத்தார், அழைப்பு கட் ஆனது. (விரல் சிவப்புப் பொத்தானில் பட்டுவிட்டது.) சபை மறுபடி பதறியது. திரும்பக் கூப்பிட்டு, இந்தத் தடவை பெரியம்மாவின் விரலை நானே பிடித்து, பொத்தான் இல்லாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோனேன். அதற்குள் மாமா அசைந்துவிட்டதால் சந்தனம் அவர் மூக்கில் விழுந்தது. குவைத்தில் அறைத் தோழர் ஒருவர் உண்மையான சந்தனத்தை எடுத்து மாமாவின் மூக்கிலேயே வைத்தார்.

பிறகு மாமா தட்டில் ஏறினார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், தேங்காய், மாமா. தட்டு கைமாறும்போது தேங்காய் உருண்டு திரையின்மேல் கர்ரென்று ஊர்ந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கவர் இல்லாமல். நன்றாகப் பேசுகிறது, நன்றாகப் படம் எடுக்கிறது. கீறல் விழாத போன் வேண்டுமென்றால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். வாங்கிய நிறத்தைக் கறுப்பு ரப்பருக்குள் புதைத்துவிட்டு, கோடு விழுமோ என்று செத்துச் செத்துப் பிழைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம் வருவதில்லை. எரிச்சல்தான் வருகிறது.

என் கல்யாணத்துக்கு மாமா லீவு போட்டு நேரிலேயே வந்தார். நலங்கு வைக்கும்போது என் நாத்தனார் சந்தனத்தை என் கன்னத்தருகே கொண்டுவர, முன்வரிசையிலிருந்து மாமா எழுந்து கத்தினார்: “ஐயையோ, பாத்தும்மா, பாத்து! புதுசு! கீறல் வுழும்!” எங்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒன்றும் புரியாத மாப்பிள்ளை வீட்டாருக்கு என் அண்ணன் மைக்கைப் பிடித்து ஆதியோடந்தமாகச் சொன்னான். அன்றிலிருந்து என் மாமியார் வீட்டிலும் அந்தக் கதை குடியேறிவிட்டது. என் கணவர் காலையில் டிபன் பாக்ஸை வாங்கும்போதுகூட, “தொடலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்.

ஆனால் “தொடாதீங்க” என்ற அந்த வார்த்தை மட்டும் அதற்குப் பிறகு என் வாயில் வருவதில்லை. போன மாதம் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைக் கணவர் பிடிக்கப் போனார். தொண்டைவரை வந்துவிட்டது, சொல்ல முடியவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டார். அந்த விரலை மாமாவுக்கு வீடியோ காலில் காட்டிப் புகார் வேறு சொன்னார்.

மாமா உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கவர் ஒண்ணு போட்டுக்கினு பத்திரமா இரு மாப்ள. அவகிட்டயே கேளு, நெறைய வெச்சிருப்பா.”