ஐம்பதுக்குப் பன்னிரண்டு

படத்தைச் சுவரிலிருந்து கழற்றியபோதுதான் சட்டத்தைக் கறையான் தின்றிருப்பது விஜிதரனுக்குத் தெரிந்தது. மறுநாள் கொழும்பிலிருந்து அதை மதிப்பிட ஆள் வருகிறது.

உருத்திரபுரத்தில் எல்லோரும் அதை ஆட்டுக்கல் படம் என்றுதான் சொல்வார்கள். கறுப்பாய் ஒரு பெரிய உருண்டை, நடுவில் ஓர் ஓட்டை. போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் நிவாரண அலுவலகத்தில் வேலைசெய்த வெள்ளைக்காரப் பெண், நாடு திரும்பும்போது அவன் மனைவி கௌசலாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கூரைத் தகடு, தண்ணீர்ப் பம்ப், மண்வெட்டி எல்லாம் குடும்பத் தலைவர் என்று விஜிதரனின் பெயருக்கு வந்தவை. கௌசலாவுக்கென்று வந்தது அந்த ஆட்டுக்கல் ஒன்றுதான். தையல் மெசினில் இருக்கும்போது அவள் கண் அடிக்கடி அதில் போய் நிற்கும்.

அது பெயர்போன சிற்பி ஒருவர் கல்லில் வரைந்து கடதாசியில் ஒற்றியெடுத்த படம், நல்ல விலை போகும் என்று கனடாவிலிருந்து வந்த மைத்துனன் சொன்னதிலிருந்து விஜிதரனுக்கு நித்திரை இல்லை. விதைப்புக்கு விதைப்பு, உழுவதற்கு லாண்ட்மாஸ்டர் மெசின் கேட்டு அடுத்தவன் வாசலில் காத்துக்கிடக்கிற மனிதன் அவன். வயலில் ஈரம் காய்ந்த பிறகுதான் அவன் முறை வரும். சொந்த லாண்ட்மாஸ்டர் நிறுத்துவதற்கு முற்றத்தில் இடம்கூடப் பார்த்துவிட்டான். விற்கட்டுமா என்று கௌசலாவைக் கேட்டான்.

"உங்கட விருப்பம்," என்றாள்.

சட்டத்தைப் பிரித்தால், படத்தின் கீழே பென்சிலில் 12/50 என்று எழுதி, பக்கத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது.

"ஐம்பதுக்குப் பன்னிரண்டோ? பெயிலல்லோ," என்றான் கவலையோடு.

"வாறவா கண்டால் விலையைக் குறைச்சுப்போடுவா," என்று மகளின் அழிறப்பரை எடுத்துக் கொடுத்தாள் கௌசலா.

அழித்தான். எண் போய் அழுக்குத் தடம் வந்தது. ஈரத்துணியால் துடைக்க, தடம் பரவியது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் மகளின் பரிசளிப்புப் படச் சட்டத்துக்குள் அளவாய் இருக்கும் என்று அவள் யோசனை சொன்னாள். கத்தரிக்கோல் கோணிக்கொண்டு போனது. நேராக்க மறுபக்கத்தையும் வெட்டினான். கடைசியில் படம் சட்டத்துக்குள் ஆடியது.

"பெறுமதியான சாமானை லமினேட் பண்ணித்தானே வைக்கிறது," என்றாள் கௌசலா.

அதில் மறுக்க என்ன இருக்கிறது? பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பதுங்குகுழிச் சேற்றில் கரைந்ததைக் கண்ட சனம். பிளாஸ்ரிக்குக்குள் போகாத கடதாசியை இங்கே யாரும் நம்புவதில்லை. விஜிதரன் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய்ப் படத்தைப் பளபளவென்று கொண்டுவந்தான்.

மறுநாள் கொழும்பிலிருந்து மதிப்பிட வந்த பிரஷாந்தினி படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக விளக்கினாள். ஐம்பது பிரதிகளில் இது பன்னிரண்டாவது என்பதுதான் அந்த எண். பக்கத்தில் இருந்தது சிற்பியின் கையெழுத்து. விலை அதற்குத்தான். இனி இதை யாரும் வாங்கமாட்டார்கள்.

விஜிதரன் கதிரையில் சரிந்தான். லாண்ட்மாஸ்டர் போனதுகூடப் பரவாயில்லை. மனுசிக்கென்று வந்த ஒரே பொருளைத் தன் கையாலேயே பாழாக்கியதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கௌசலா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். இப்படியும் ஒரு மனுசியா என்று அவனுக்குக் கண் கலங்கியது.

வழியனுப்பப் படலைவரை போனவனிடம் பிரஷாந்தினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"குறை நினைக்காதேங்கோ அண்ணா. அழிக்கவேண்டாம், வெட்டவேண்டாம், லமினேட் மட்டும் பண்ணிப்போடாதேங்கோ எண்டு முந்தநாளே அக்காவுக்குப் போன்ல சொன்னனான். அவா ஒவ்வொண்டாய்த் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினவா."