நடக்க முடியாதவர் புத்தூர் பஸ் ஏறினார்

வயதானவர்களின் உடம்பைப் பற்றி ஏதாவது கேட்டுப் பாருங்கள். அவர்களைத் தவிர வீட்டில் எல்லோரும் பதில் சொல்வார்கள். மகன் சொல்வான், மருமகள் சொல்வாள், பால் ஊற்ற வந்தவர்கூட நின்று சொல்லிவிட்டுப் போவார். கேள்விக்கு உரியவர் மட்டும் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் வேலையில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்ததை நினைத்தால் இன்னும் அதிகமாக.

பிசியோதெரபி முடித்த கையோடு திருப்பதியில் ஒரு முதியோர் பராமரிப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். வீடுவீடாகப் போய், பெரியவர்களால் தாங்களாகவே குளிக்க, சமைக்க, நடக்க முடிகிறதா என்று பார்த்து, என்ன உதவி தேவை என்று எழுதித் தர வேண்டும். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (கழுத்தில் ஐடி கார்டு தொங்கினால் கலெக்டர் என்று நினைப்பு.)

அப்படித்தான் பாஸ்கர் என்பவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அப்பா முனிரத்தினம் விஜயபுரத்தில் தனியாக இருந்தவர். காய்ச்சலில் படுத்தவரை மகன் திருப்பதிக்கு அழைத்து வந்திருந்தார். காய்ச்சல் போய்விட்டது, பெரியவர் ஊருக்குப் போக வேண்டும் என்கிறார். மகனுக்கோ ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு, அவரை எங்கள் நிறுவனத்தின் ஹோமில் சேர்க்க வேண்டும். ‘தனியாக இருக்க முடியாது’ என்று நான் எழுதினால் போதும், முடிந்தது கதை.

“நல்லா சாப்பிடுறாரா?” என்று மகனைக் கேட்டேன். (சாப்பிடும் வாய் பக்கத்திலேயே இருந்தது.)

“எங்க மேடம் துன்றாரு? பாதி கீழ போவுது.”

“ஞாபகம்?”

“சுத்தமா போச்சி. கேட்டைப் பூட்டியே வெச்சிருக்கோம்.”

பெரியவர் வாயைத் திறந்தார். “நைனா, சும்மா இரு. மேடம் எழுதிக்கினு இருக்காங்க இல்ல?” என்றார் பாஸ்கர். மேடமும் வெட்கமில்லாமல் எழுதிக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்தது நடைச் சோதனை. எழுந்து, கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கூடம் குறுகல், வாசலில் நடக்கட்டும் என்று கேட்டைத் திறக்கச் சொல்லி அதிகாரம் செய்தேன். செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, “எழுந்து அப்படியே நடங்க தாத்தா” என்றேன். திரும்பி வரச் சொல்வதற்குள் பாஸ்கர் மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

“நைனாவால நாலு எட்டு வெக்க முடியாது மேடம். மூச்சு வாங்கும். தலை சுத்தும்.”

நான் தலையாட்டித் தலையாட்டி எழுதினேன். நிமிர்ந்தால் நாற்காலியும் காலி, வாசலும் காலி. ஸ்டாப்வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் தெருமுனைக்கு ஓடினோம். நின்றிருந்த புத்தூர் பஸ்ஸில், ஜன்னலோரம், கையில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார் முனிரத்தினம். ஏறிப் போய், “டெஸ்ட் முடியலை தாத்தா, இறங்குங்க” என்று கெஞ்சினேன்.

“நடன்னு சொன்ன, நடந்தேன். பாஸா ஃபெயிலா, அத்த சொல்லு மொதல்ல.”

பஸ்ஸே சிரித்தது. கீழேயிருந்து பாஸ்கர் கத்தினார்: “எங்க போறோம்னே அவருக்குத் தெரியாது மேடம்!”

“எங்க போறீங்க?” என்று, முதல் முறையாக, அவரையே பார்த்துக் கேட்டேன்.

“விஜயபுரம். புத்தூர்ல எறங்கி வேற பஸ்ஸு மாறணும். அவனுக்குத்தான் தெரியாது, பைக்கிலயே வர்றவன்.”

கண்டக்டர் தெலுங்கில் எரிந்து விழுந்தார்: “ஏமம்மா, எக்கேதா, திகேதா?” (ஏறுகிறாயா, இறங்குகிறாயா?) நான் முடிவு செய்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. புத்தூர் வரை கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்டேன். பின்சீட்டு அம்மாவும் சேர்ந்துகொண்டார்: “குளிக்கிற எடத்துல வழுக்குமே, இன்னா பண்ணுவ?”

“அங்கதான் பயம்மா. புடிச்சிக்க ஒண்ணும் இல்ல” என்றார் பெரியவர். சோறு அவரே வடிப்பார். மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்துதான் கண்ணுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் மறைக்கவே இல்லை அந்த மனிதர். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பழையதை அடித்துவிட்டு எழுதினேன்: சொந்த வீட்டில் இருக்கலாம், குளியலறையில் கைப்பிடி வேண்டும், மாத்திரை எடுத்துக் கொடுக்க தினமும் ஒருவர் வந்துபோக வேண்டும்.

அதைப் படித்த மேனேஜர் மேசையைத் தட்டினார். “ஹோமுக்கு ஆள் சேக்க அனுப்பினா, ஊருக்கு வழியனுப்பிட்டு வந்திருக்கியா? அவரால முடியாதும்மா!”

“அவரைக் கேட்டேன், அவர் சொன்னார். உங்களை யார் சார் கேட்டாங்க?” என்றேன். (சொன்ன பிறகுதான் அவர் மேனேஜர் என்பது நினைவுக்கு வந்தது.)

பெரியவர் விஜயபுரத்தில் இருக்கிறார். நான் சித்தூரில் வேறு வேலையில் இருக்கிறேன். கோபம் மட்டும் குறையவில்லை. இந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். “அம்மா, டீ போடட்டுமா?” என்று நான் கேட்டால், “அவளுக்கு வேணாம்” என்பார் என் நைனா. நான் முறைப்பதற்குள் அம்மா எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

“புத்தூர் பஸ்ஸு எத்தினி மணிக்குடி?”

நைனா அவசரமாக அம்மா பக்கம் திரும்பி, “உனுக்கு டீ வேணுமா?” என்பார்.