டிக் என்ற பிறகும் ஒரு சுத்து

இன்றைக்கு நாம் சுற்றிவந்து பார்க்கப்போகும் பிராணிக்குப் பெயர் இறுக்கர். காசை இறுக்கிப் பிடிக்கிற ஆளாக்கும் என்று அவசரப்படாதீர்கள், அது வேறு இனம். எதை மூடினாலும், எதைப் பூட்டினாலும், எதை முடிச்சுப் போட்டாலும், அந்த வேலை முடிந்துவிட்டதென்று ஒப்புக்கொள்ள மறுப்பவர்தான் இறுக்கர். குழாயை மூடுவார், தண்ணீர் நின்றுவிடும், நின்ற தண்ணீரை நம்பமாட்டார், இன்னும் ஒரு சுத்து. காருக்குப் பெற்றோல் அடித்துவிட்டு மூடியைத் திருகுவார், அது கிரிக் கிரிக் என்று காலில் விழாத குறையாகக் கத்தும், இன்னும் ஒரு சுத்து. ஊருக்குப் போகிற சூட்கேசைச் சுற்றி இவர் கட்டிவிட்ட நைலோன் கயிற்றை அங்கே இறங்கியபின் கத்தி வைத்துத்தான் அறுக்கவேண்டும், அந்தக் கத்தியோ சூட்கேசுக்குள் இருக்கும். ஏனையா இப்படி என்று கேட்டால் ஒரே பதில்: "ஒரு சுத்துத்தானே, அதில என்ன குறைஞ்சுபோச்சு?"

என்ன குறையும்? குழாயின் வாசர் போகும். மூடியின் புரி போகும். சிலவேளை பக்கத்தில் இருக்கிற மனிசருக்கு மூச்சும் போகும்.

எங்கள் பொன்னம்பலத்தார் இந்த இனத்தில் முதல் தரம். நல்ல மனிசன், அதையும் சொல்லிவிடவேண்டும். இறுக்கர்கள் எல்லாரும் நல்ல மனிசர்தான், அவர்களோடு மாரடிக்கிறவர்களுக்கு அதுதான் பெரிய கரைச்சல், வாய்திறந்து ஏசவும் முடியாது. வெளிநாடு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறைக்குள் கும்பலாய்க் கிடந்த காலத்திலேயே இவர் மூடிய ஊறுகாய்ப் போத்தலைத் திறக்க மேல்மாடியில் இருந்த போலந்துக்காரனைத்தான் கூப்பிடுவார்களாம். பிறகு கல்யாணம் வந்தது, அஜக்ஸில் வீடு வந்தது, தலையில் நரை வந்தது. மனைவி கமலாம்பிகை ஊறுகாய்ப் போத்தலையும் கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிற வழக்கம் மட்டும் மாறவில்லை.

இவரிடம் ஒரு போட் இருந்தது. முழுப் போட் இல்லை, அரைப் போட். மற்ற அரை மஃரூபுக்குச் சொந்தம். மஃரூப் வீடுகளுக்கு ஹீற்றிங் பூட்டுகிறவர், யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருக்காரர், பொன்னம்பலத்தாரைப் 'பொன்னர்' என்று கூப்பிட உரிமையுள்ள ஒரே ஆள். இரண்டு பேரும் ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பழைய போட் ஸ்காபரோவில், பிளஃப்ஸ் சரிவுக்குக் கீழே உள்ள ஏரித் துறையில் கட்டிக்கிடந்தது. கட்டுகிறவர் பொன்னம்பலத்தார். அவிழ்க்கிறவர் மஃரூப், பல்லால்.

ஊரில் சண்டை முடிந்து அடுத்த கோடைக்குக் கமலாம்பிகையின் தம்பி ஜனார்த்தன் வந்து சேர்ந்தான். வன்னியில் கடைசி மாதங்களில் அம்மாவோடு இருந்தவன் அவன்தான். அவன் வெளியே வந்தான், அம்மா வரவில்லை. எங்கே, எப்படி என்று அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. கமலாம்பிகைக்கு அது தெரியவேண்டும். தெரியாமல் அம்மாவின் படத்துக்கு ஒரு மாலை போடக்கூட அவவுக்குக் கை எழவில்லை. ஆனால் கேட்கப் பயம். கேட்டால் அவன் உடைந்துபோவானோ, இல்லை தான்தான் உடைந்துபோவோமோ என்று, தம்பிக்குப் பிடித்த கறிகளை வைத்து வைத்துக் கொடுத்துக்கொண்டு அவ பொறுமையாய்ப் பார்த்திருந்தா.

பொன்னம்பலத்தார் பார்த்திருப்பாரா? மனிசி படுகிற பாட்டை அவரால் சகிக்க முடியவில்லை, உடனே வேலையில் இறங்கிவிட்டார். காலையில் பாணோடு, "ஜனா, அப்ப அம்மா கடைசியா எவடத்தில?" மத்தியானம் சோற்றோடு, "சொன்னாத்தானே தம்பி, மனப்பாரம் இறங்கும்." இரவு புட்டோடு, "சரி, அதை விடு, அந்த வைகாசியில நீங்கள் எந்தப் பக்கத்தில நிண்டனீங்கள்?" பெடியன் தப்பித்தவறி ஒரு வசனம் சொல்லிவிட்டால் போதும், உடனே "அதுக்குப் பிறகு?" அவ்வளவுதான், அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவான். கையைக் கழுவுவான், குழாயை மூடுவான், மேலே போய்விடுவான். பின்னாலேயே போய் அந்தக் குழாயை இவர் இன்னும் ஒரு சுத்து.

"இஞ்சேருங்கோ, அவனை விடுங்கோவன்" என்று கமலாம்பிகை கெஞ்சினா.

"நான் என்ன, அடிச்சனானே? கேட்டனான்."

அந்தக் கரைச்சலுக்குள் ஜனார்த்தன் தானாக வாய்திறந்து கேட்டது ஒரேயொரு விஷயம். "அத்தான், வீட்டுக்குள்ள மூச்சு முட்டுது. போட் இருக்கெண்டு அக்கா சொன்னவ. ஒருக்கா தண்ணிக்குப் போவமோ?"

பொன்னம்பலத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாற சனிக்கிழமை தம்பி. பிடி என்ர வாக்கை!"

வாக்குக் கொடுப்பது சுலபம், போட் ஓடவேண்டுமே. மஃரூப் எஞ்சின் மூடியைத் திறந்து, ரோர்ச் அடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் சூட்டுப் புகையை வாங்கி வெளியே அனுப்புகிற இரும்புக் கூடு ஒவ்வொன்று உண்டு, எக்ஸோஸ்ற் மனிஃபோல்ட் என்பார்கள். அதன் தலையில் முழங்கை மாதிரி வளைந்து நிற்கிறது றைசர். இரண்டுக்குள்ளும் ஒரு வழியால் புகை போகும், மற்ற வழியால் சூடு தணிக்கிற தண்ணீர் போகும். நடுவில் இருக்கிற சுவரைத் துருக் கறள் தின்று ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேரே எஞ்சினுக்குள் இறங்கும், பிறகு போட்டைப் பூச்சட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

"நாலும் பழுதாப் போட்டுது பொன்னர். புதுசு பூட்டவேணும்."

பூட்டவேண்டும் என்ற சொல்லைக் கேட்டதும் பொன்னம்பலத்தாரின் முகத்தில் வந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்!

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் இறங்கினார்கள். தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, கறள் பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, தட்டி, தடவி, ஏசி, பழைய கூடுகளைத் தூக்கி வெளியே வைத்தபோது ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி சுமந்த களை. ஜனார்த்தன் போட்டின் விளிம்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இடையில் கசிவை அடைக்கிற பழைய கஸ்கெற்றைச் சுரண்டி, இரும்பின் முகத்தைத் துடைத்து, புதுக் கஸ்கெற் வைத்து, புது மனிஃபோல்ட்டை ஏற்றினார்கள். அப்போதுதான் மஃரூப் தன் பெட்டியிலிருந்து அந்த ஸ்பனரை எடுத்தார். அது அளவு வைக்கிற ஸ்பனர். எவ்வளவு இறுக்கம் வேண்டுமென்று பிடியில் இலக்கத்தை வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும். அதற்குமேல் போகக்கூடாது. நடுவிலிருந்து தொடங்கி, மாறி மாறி, எல்லாப் போல்ட்டும் ஒரே அளவு.

டிக்.

"கேட்டியளோ? காணுமாம், இனிப் போதுமாம்" என்றார் மஃரூப்.

"அது சொல்லும். நாளைக்கு லேக் நடுவில நிண்டு தவிக்கப்போறது அதோ, நாங்களோ?"

"கோம்பனிக்காரன் கணக்குப் பாத்துத்தான் எழுதியிருக்கிறான், பொன்னர்."

"அவனுக்கென்ன, எழுதிப்போட்டு வீட்டை போயிருப்பான்."

இப்படியே ஒவ்வொரு டிக்குக்கும் ஒவ்வொரு வழக்காடி, ஒரு பக்கம் முழுக்கப் பூட்டி முடித்தார்கள். மஃரூப் கையைத் துடைத்தார். "நான் அந்தப் புல்லில அஸர் தொழுதிட்டு வாறன். வரும்வரைக்கும் ஒண்டிலயும் கைவைக்கப்படாது. சொல்லிப்போட்டன்."

"சீச்சீ, நான் ஏன் கைவைக்கிறன்?"

ஏன் கைவைத்தார் என்று அவருக்கே தெரியாது. முதலில் சும்மா பார்த்தார். பிறகு ஒரு போல்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, தொட்டது தொட்டாச்சு, சாதாரண ஸ்பனர் ஒன்றும் பக்கத்தில் கிடந்தது, பெடியனை நடுத்தண்ணீரில் கொண்டுபோய் விடுகிற விஷயம், கமலாம்பிகையும் வருவா, ஒரு சுத்துத்தானே, முழுச் சுத்துக்கூட இல்லை, அரைச் சுத்து, என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினார்.

இந்தமுறை டிக் இல்லை. டக்.

போல்ட்டின் தலை ஸ்பனரோடு கையில் வந்தது. உடல் எஞ்சினுக்குள்ளே நின்றுவிட்டது. பொன்னம்பலத்தார் அந்தத் தலையைக் கையில் வைத்து முழுசிக்கொண்டு நின்றார். அப்போது பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஜனார்த்தன் சிரிக்கிறான்! வந்த நாளிலிருந்து அந்தப் பெடியனுடைய பல்லை ஒருவரும் கண்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"அத்தான், அது டிக் எண்டேக்கையே விட்டிருக்கலாம்" என்றான்.

மஃரூப் வந்து பார்த்தார். "யா அல்லாஹ்! நாலு ரக்அத் தொழுற நேரம் ஒரு மனிசனால சும்மா இருக்கேலாதே?"

சனிக்கிழமை போய்விட்டது. முறிந்த போல்ட்டைத் துளைபோட்டு, இடதுபுறமாய்த் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே எடுக்க மஃரூபுக்கு அடுத்த கிழமை முழுக்க வேலை முடிந்த பின்னேரங்கள் போயின. மற்றப் பக்கத்தைப் பூட்டும்போது பொன்னம்பலத்தார் கரையில் கதிரை போட்டு இருத்தப்பட்டார். ஸ்பனர்கள் இருந்த பெட்டி மஃரூபின் காருக்குள், கார் பூட்டி, திறப்பு மஃரூபின் சட்டைப்பைக்குள்.

அதற்கடுத்த சனிக்கிழமை நாலு பேரோடும் போட் ஓடியது. ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை எஞ்சின் மூடியைத் தூக்கி எட்டிப்பார்த்த பொன்னம்பலத்தாருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாய்க்கூட இருந்தது. பிளஃப்ஸ் சரிவு ஒரு வெள்ளைக் கோடாய்த் தெரியும் தூரத்தில் மஃரூப் எஞ்சினை நிற்பாட்டினார். சத்தம் அடங்கியது. தண்ணீர் மட்டும் பலகையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

ஜனார்த்தன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "நான்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தனான் எண்டு எல்லாரும் நினைக்கினம் அக்கா. இல்லை. அவதான் என்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு நடந்தவ. பிறகு ஒரு பனையடியில இருந்திட்டா. 'நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன், நீ நட' எண்டா."

நிறுத்திவிட்டான்.

இதோ, வந்தது கட்டம். 'அதுக்குப் பிறகு?' பொன்னம்பலத்தாரின் தொண்டைக்குள் ஏறி, நாக்கு நுனியில் வந்து நின்றது. கமலாம்பிகை தம்பியைப் பார்க்கவில்லை, புருசனைப் பார்த்தா. கெஞ்சுகிற பார்வை. அவருடைய முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை பக்கத்தில் கிடந்த எதையோ இறுகப் பிடித்துத் திருகியது. வாய் திறக்கவில்லை. ஐயா, அந்த மனிசன் தன் சீவியத்திலேயே பட்ட பெரும் பாடு அதுதான். வேறு எந்த வேலைக்கும் நான் அவரைப் புகழமாட்டேன், இதற்குப் புகழ்வேன்.

பிறகு, ஒருவரும் கேட்காமலே, ஜனார்த்தன் சொன்னான்.

"நான் நடந்திட்டன், அக்கா."

கமலாம்பிகை நகர்ந்து வந்து அவன் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டா. "அம்மா நட எண்டு சொன்னா நீ நடக்கத்தானே வேணும்" என்றா. "நடந்தபடியாத்தானே ராசா, இண்டைக்கு என்னட்டை வந்திருக்கிறாய்." அவன் ஓவென்று அழுதான். அவவும் அழுதா. மஃரூப் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அழுது ஓய்ந்தபிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற கமலாம்பிகை புருசனுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்கை எடுத்தா. திருகினா. முடியவில்லை. ஜனார்த்தன் வாங்கித் திருகினான். மஃரூப் தான் உடுத்திருந்த சாரத்து நுனியால் பிடித்துத் திருகினார். அசையவில்லை. மூவரும் மெல்லத் திரும்பிப் பொன்னம்பலத்தாரைப் பார்த்தார்கள். அவர் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், பிளாஸ்க் மூடியின் வரிகள் அதில் சிவப்பாய்ப் பதிந்திருந்தன. அந்தத் தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கவில்லை. அந்தப் பிளாஸ்க் இன்றைக்கும் அஜக்ஸ் வீட்டில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில், மாலைக்குக் கீழே, மூடியபடியே இருக்கிறது.

நல்லகாலம், நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை. உங்கள் வீட்டில் ஊறுகாய்ப் போத்தல் தானாகத் திறக்கும். பிள்ளை முகம் வாடி வந்தால் ஒருதரம் கேட்டுவிட்டு விட்டுவிடுவீர்கள், இல்லையா? நிச்சயமாக விட்டுவிடுவீர்களா? எதற்கும் கேட்டேன். சரி, இனி விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். வாசல் கதவு பூட்டித்தான் இருக்கிறது. அட, பூட்டியிருக்கென்று சொல்லுறன், பிறகு ஏன் எழும்புறியள்?