பழசை ஒளித்த நாள்

ஆரணி, கவின், வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் போதும், "அப்பா, பழசுகளை ஒளியுங்கோ!" என்று இரண்டு பேரும் கத்திச் சிரிக்கிறீர்கள். அந்தப் பகிடியின் முழுக்கதையும் உங்களுக்குத் தெரியாது. நானே எழுதிவிடுகிறேன். அம்மா சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

நாங்கள் மல்வேர்னில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினான்காம் மாடியில் இருந்த காலம். கட்டடத்தின் நிலக்கீழ் அறை ஒன்றில் நானும் அதே கட்டடத்தில் இருந்த யோகன் அண்ணையும் பழைய சாமான்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். குப்பைக்குப் போக இருந்த மிக்ஸி, காற்றாடி, கால் உடைந்த கதிரை எல்லாம் அங்கே வரும். திருத்தி, தேவையானவர்களுக்குச் சும்மா கொடுப்போம். திடீரென்று கட்டட நிர்வாகம் அறைக்கு வாடகை கேட்டது. கட்டாவிட்டால் பூட்டிவிடுவார்களாம்.

கழிவைக் குறைக்கும் சிறு திட்டங்களுக்கு நகரத்தில் ஒரு நிதி கொடுக்கிறார்கள் என்று யோகன் அண்ணை கண்டுபிடித்தார். விண்ணப்பம் எழுதியது நான். (இரண்டு பக்கத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.) அதிகாரி நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. அவர் ஓம் என்றால் அறை தப்பும்.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் நாங்கள் என்ன செய்வோம்? துப்புரவாக்குவோம். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

அதிகாரி வரும் அன்று யோகன் அண்ணை வேலைக்குப் போயிருந்தார். அறையைப் பார்த்தேன். வயர் தொங்கும், பாண் வாட்டுகிற ரோஸ்டர், மூடியில்லாத ரைஸ் குக்கர், நொண்டிக் கதிரைகள். வெட்கமாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் சைக்கிள் அறைக்குள் தள்ளிப் பூட்டினேன். கடைக்கு ஓடிப் புதுக் கதிரைகள், பிளாஸ்டிக் பூ, மேசை விரிப்பு, தண்ணீர்ப் போத்தல், சாப்பிட்டவுடன் எறிகிற வெள்ளை ஃபோம் தட்டு இருபது வாங்கினேன். (வரப்போவது ஒரேயொரு ஆள்.)

வடையோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அவ பழைய சாமான் பாக்கத்தானே வாறா?"

"விசர்க்கதை கதையாதை. வாற ஆளுக்குக் குப்பையையோ காட்டுறது?"

அதிகாரி ஓர் இளம் பெண். துணிப்பையும் சொந்தத் தண்ணீர்ப் போத்தலுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கதிரைகள் நீங்கள் திருத்தியவையா?"

"இல்லை மேடம்! இன்றுதான் வாங்கியது. இங்கே ஒன்றுகூடப் பழசில்லை."

அவர் ஏதோ எழுதினார். நான் மகிழ்ந்தேன். இருபது தட்டிலும் வடையைப் பரப்பி ஒன்றை நீட்டினேன். அதிகாரிகள் வாங்கக்கூடாதாம். தட்டையே பார்த்துக்கொண்டு, "இதைப் பிறகு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"கவலைப்படாதீர்கள், கழுவத் தேவையில்லை. அப்படியே எறியலாம்."

மறுபடியும் எழுதினார்.

அந்த நேரம் பார்த்து யோகன் அண்ணை வேலை உடுப்போடு உள்ளே வந்தார். வழியில் பொறுக்கிய மின்விசிறி ஒன்று கக்கத்தில்.

"எடேய், என்ரை சாமான் எல்லாம் எங்கை?"

"ஒளிச்சு வச்சிருக்கிறன் அண்ணை."

"ஆரிட்டையிருந்து?"

நான் சைக்கிள் அறையைத் திறக்க ஓடினேன். பூட்டின் திறப்பு பதினான்காம் மாடியில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் அதிகாரி அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். யோகன் அண்ணை வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையில் வைத்து.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. மறுபயன்பாடு எதையும் நேரில் காணவில்லையாம். யோகன் அண்ணை போன் பண்ணி மன்றாடிப் பார்த்தார். இனி அடுத்த வருடம்தான் என்றார்கள். அறை பூட்டப்பட்டது. சாமான்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. உங்கள் கட்டிலுக்குக் கீழே ஏன் எப்போதும் மூன்று ரைஸ் குக்கர் இருந்தன என்று இப்போது விளங்கும்.

ஒன்றை மட்டும் அம்மாவுக்கும் சொல்லவில்லை. அதிகாரி வந்துபோன அன்று, எல்லாரும் மேலே போன பிறகு, நான் மட்டும் திரும்பவும் கீழே இறங்கினேன். அந்த இருபது தட்டையும் எண்ணெய் போகக் கழுவித் துடைத்தேன். டப்பாவில் கலந்து கிடந்த யோகன் அண்ணையின் ஆணிகளை அளவு பிரித்து, தட்டுக்கு ஒரு பிடியாகப் போட்டுவைத்தேன்.