அங்கன என்னலே வருது?

ஒரு பாட்டைக் கேட்க இரண்டு ஆள் வேண்டும் என்று நம்புகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தினமும் காலை ஏழு மணிக்கு விக்கிரமசிங்கபுரத்தில் திருநெல்வேலி பஸ் ஏறுகிறார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. வயர் அண்ணாச்சி என்றால் டிரைவருக்கே தெரியும்.

நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது டவுனில் ஒரு பாத்திரக் கடையில் இருக்கிறார். சட்டைப் பையில் போன். அதிலிருந்து முறுக்கிக்கொண்டு கிளம்பும் கறுப்பு வயர். உட்கார்ந்ததும் ஒரு முனையைத் தன் வலது காதில் செருகுவார். இன்னொன்றைப் பக்கத்தில் இருப்பவர் காதில், கேட்காமல் கொள்ளாமல், செருகிவிடுவார். தெரிந்த ஆளா, தெரியாத ஆளா என்ற பேச்சே கிடையாது.

சும்மா கேட்டுவிட்டுப் போகவும் முடியாது. பரீட்சை உண்டு.

"அங்கன என்னலே வருது?"

"தபேலா வருது அண்ணாச்சி."

"இங்கன வயலினு. சரி, பைய வரட்டும்."

ஒருமுறை கல்லிடைக்குறிச்சியில் ஏறிய ஒரு விறைப்பான அதிகாரி, "இதென்ன வே அநியாயமா இருக்கு?" என்று காதிலிருந்து பிடுங்கிப் போட்டார். அண்ணாச்சி கோபப்படவில்லை.

"பிடிக்கலன்னா விடும். அந்தப் பக்கம் ஆம்பிள பாடுதானா, பொம்பிள பாடுதாளா, அத மட்டும் சொல்லிட்டு விடும் வே."

அதிகாரி யோசித்தார். திரும்ப எடுத்து மாட்டினார். சேரன்மகாதேவி வரை கழற்றவில்லை.

இன்னொரு நாள் ஜன்னலோர சீட்டுக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி நடுவில் நுழைந்து, வயரின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொரு காதில் மாட்டிவிட்டார். போன் இவர் பையில். யார் விலகினாலும் மூன்று பேருக்கும் இழுக்கும். அப்படியே ஒட்டிக்கொண்டு வீரவநல்லூர் தாண்டினார்கள். அண்ணாச்சி இரண்டு பக்கமும் விசாரித்துக்கொண்டே வந்தார்.

பிறகு ப்ளூடூத் வந்தது. ஒவ்வொருவராக இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார்கள். பேட்டைப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிற நானும் ஒன்று வாங்கினேன். அண்ணாச்சி வழக்கம்போல முனையை நீட்டியபோது என் காதில் இடமில்லை. அந்த இடது முனை அவர் நெஞ்சிலேயே தொங்கியது. மறுநாளும் தொங்கியது. மூன்றாம் நாள் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு, வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வயரைப் பார்த்து எல்லாரும் ஒதுங்குவதுதான் அவருக்கு வருத்தம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். ஒரு ப்ளூடூத் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி பெட்டியைத் திறந்தார். ஒன்றைத் தன் வலது காதில் வைத்தார். மற்றதை, கை பழகின பழக்கத்தில், என் காதில் வைத்துவிட்டார்.

அன்று பேட்டையில் அதோடேயே இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பியது. என் காதில் பாட்டு திக்கித் திக்கி நின்றபோதுதான் உறைத்தது. "அண்ணாச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பஸ் நின்றால்தானே!

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். இரண்டு ப்ளூடூத்தையும் சேர்த்து, ஆலையில் கற்ற முடிச்சால் கட்டினார்.

"இனிமே எங்கன ஓடுத, பாப்போம்."

கண்டக்டர் சும்மா இருப்பாரா? "என்ன அண்ணாச்சி, வயரு இல்லாததுக்கு நூலு மாட்டுதீங்க?"

"வயருதான வேண்டாம்னான் இவன்? நூலு வேண்டாம்னு சொல்லலயே!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் எரிச்சல்.

"ரெண்டு காதுக்கும்தான அண்ணாச்சி வாங்கித் தந்தேன்? ரெண்டையும் நீங்களே மாட்டுனா என்ன?"

அண்ணாச்சி நூலை நீவிவிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"இடது காது எனக்குக் கேக்காதுலே. சின்னதுல சீழ் வச்சுப் போச்சு. பாட்டுல பாதி அங்கன ஓடிட்டு இருக்கும்லா? நீங்க யாராச்சும் சொன்னாத்தான் எனக்கு முழுப் பாட்டு."

இத்தனை நாள் அவர் கேட்டதைப் பரீட்சை என்று கேலி செய்திருக்கிறோம். இடது முனையை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன்.

"புல்லாங்குழல் வருது அண்ணாச்சி."

"அப்படியா?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் போனைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒரே காதில் சேர்த்துத் தருகிற வசதி போனிலேயே இருக்கிறது. ஒரு தடவை விரலால் தள்ளிவிட்டால் போதும். அண்ணாச்சி யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் மறுநாள் பஸ் ஏறினேன். அவர் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். இடது முனை கையில் தயாராக இருந்தது.

இன்னும் சொல்லவில்லை. தப்புதான். அண்ணாச்சி பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். சொல்லிவிட்டால் அவருக்கு முழுப் பாட்டும் கிடைத்துவிடும். எனக்குத்தான் அந்தப் பக்கத்து இடம் போய்விடும்.